வாழையடி வாழை என்று வாழ்த்தினார்கள், கரு ஏன் தங்கவில்லை?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 39, இன்னும் எட்டு மாதத்தில் 40. கணவருக்கு 42. கணவர் சிங்கப்பூர்க் குடிமகன், இவர் தமிழ்நாட்டில் பிறந்த நிரந்தரவாசி. சொந்த அத்தை மகனையே மணந்திருக்கிறார். முயற்சி தொடங்கி ஐந்தாவது மாதத்தில் இயற்கையாகவே கரு உண்டாகி, ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. கலைந்த திசுவைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அறிக்கையில் 47 என்றும் +16 என்றும் இருக்கிறது. “குரோமோசோம் பிராப்ளம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்களாம்.

அப்புறம் வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். உறவில் கட்டியதால்தான் இப்படி என்கிறது பிறந்த வீடு. பப்பாளி தின்றதும் சாமான் தூக்கியதும்தான் காரணம் என்கிறார் அத்தை. “அறிக்கையே சொல்கிறது, குறை உன் முட்டையில்தான்” என்று கணவர் ஒரு நாள் கோபத்தில் சொல்லிவிட்டார். கொழுந்தனார் குளோனிங் பற்றிய வீடியோ ஒன்றை அனுப்பி, “இப்போதெல்லாம் ஒரு செல் போதும் அண்ணி” என்கிறார். சென்னைக்குப் போய் வேறொருவரின் கருமுட்டையைக் கணவருக்குச் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாமா என்றுகூட இவருக்குத் தோன்றியிருக்கிறது. கடைசியில் ஒரு வரி: “காரிடாரில் தொட்டியில் வைத்த கறிவேப்பிலை, கேட்பாரில்லாமல் மூன்று கன்று விட்டிருக்கிறது டாக்டர். அந்தச் செடிக்கு உள்ள கொடுப்பினைகூட எனக்கு இல்லையா?”

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த அறிக்கையைப் பார்ப்போம். அதில் 47, +16 இரண்டையும் தவிர வேறு எழுத்துகளும் இருக்கும். அவற்றை நான் இங்கே விளக்கப்போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிற நாளில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தோன்றாவிட்டால் கேட்க வேண்டியதில்லை.

மனித உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி. (இது 48 என்றுதான் மருத்துவ உலகமே பல காலம் நம்பியிருந்தது. 46 என்று சரியாக எண்ணிச் சொன்னவர்களில் ஒருவர், நமக்குப் பக்கத்துத் தீவான ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ. அது வெளியானது 1956இல்.) உங்கள் கருவில் 16ஆம் எண் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்திருக்கிறது. கருச்சிதைவுகளில் மிக அதிகமாகக் காணப்படும் மும்மைக் கோளாறு இதுதான். எல்லா உயிரணுவிலும் மூன்று 16 உள்ள கரு முழுமாதம் வரை வளர்ந்து பிறப்பதில்லை. எந்த மருந்தும் எந்தப் படுக்கை ஓய்வும் அதைத் தாங்கிப் பிடித்திருக்காது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு இப்படி ஏதாவதொரு குரோமோசோம் கணக்குத்தான் காரணம்.

பப்பாளி, சாமான், மாடிப்படி எல்லாம் இத்தோடு போகட்டும். அவற்றைச் செய்வதற்கு முன்பே, கரு உருவான நாளிலேயே எண்ணிக்கை 47 ஆகிவிட்டது.

கறிவேப்பிலை செய்வதும் உங்கள் உடல் செய்வதும்

உங்கள் கறிவேப்பிலையோடு உங்களை ஒப்பிட்டதைப் படித்தபோது கொஞ்சம் வலித்தது. ஆனால் ஒப்பீடே தவறு. அந்தத் தொட்டி மண்ணுக்குள் நடந்தது பிரசவம் அல்ல. வேரில் ஓர் இடத்தில் உயிரணுக்கள் பெருகி, மொட்டாகி, மேலே வந்து இலை விட்டிருக்கின்றன. ஓர் உயிரணு தன் குரோமோசோம்களை முழுதாகப் படியெடுத்து, இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு முழுச் செட் கொடுத்துவிடுகிறது. இதற்கு மைட்டாசிஸ் என்று பெயர். நாள் முழுக்க உங்கள் தோலிலும் குடலிலும் நடப்பதும் இதேதான். வெங்காயம் நறுக்கும்போது விரலில் பட்ட வெட்டு ஆறுகிறதே, அதுவும் இதே வேலை. ஆண் பெண் சேர்க்கை இல்லாமல் பெருகும் செடிக்கு இந்த ஒரு வித்தை போதும். அந்த மூன்று கன்றும் உங்கள் கறிவேப்பிலையின் பிள்ளைகள் என்பதைவிட அதே கறிவேப்பிலைதான் என்று சொல்ல வேண்டும். அதே செடி இன்னும் மூன்று இடத்தில் தலை நீட்டியிருக்கிறது.

வாழையும் அப்படியே. உங்கள் திருமணத்தில் வாசலில் வாழை கட்டி, “வாழையடி வாழையாக” என்று பெரியவர்கள் அட்சதை போட்டிருப்பார்கள். நம் மொழியில் வம்சத்துக்கு இதைவிட அழகான சொல் இல்லை. ஆனால் உயிரியல் கண்ணோடு பார்த்தால் அந்த வாழ்த்து கொஞ்சம் வேடிக்கையானது. நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம்கள் மும்மூன்று செட். இரண்டிரண்டாக இருந்தால் பாதியாகப் பிரிக்கலாம். மூன்றை எப்படிச் சரிபாதி ஆக்குவது? அதனால் விதை உருவாவதில்லை, பழத்துக்குள் கறுப்புப் புள்ளியோடு முடிந்துவிடுகிறது. கன்று மட்டுமே வழி. எல்லாக் கன்றும் ஒரே அச்சு என்பதால், ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் என்ற வாழை ரகம் 1950களில் ஒரு மண் பூஞ்சையிடம் தோற்றது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் ரகத்தை இப்போது அதே பூஞ்சைக் குடும்பத்தின் வேறொரு வகை துரத்துகிறது.

மனிதக் குழந்தைக்கு அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23. அதற்காக முட்டையும் விந்தும் தங்கள் 46ஐப் பாதியாக்க வேண்டும். மியாசிஸ் என்கிற இந்தக் குன்றல் பகுப்பில், ஜோடிக் குரோமோசோம்கள் முதலில் ஒட்டி உட்கார்ந்து துண்டுகளைக் கைமாற்றிக்கொள்கின்றன. பிறகு எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது குருட்டு அதிர்ஷ்டம். அந்தச் சீட்டுக் குலுக்கலை மட்டும் கணக்கிட்டாலே ஒருவரிடமிருந்து 80 லட்சத்துக்கும் மேற்பட்ட விதமான முட்டையோ விந்தோ வரலாம். அண்ணன் தம்பி ஒரே மாதிரி இல்லாததும், ஒரு கிருமி ஊரையே ஒட்டுமொத்தமாகச் சாய்க்க முடியாததும் இதனால்தான். இவ்வளவு கலைத்துப் போட்டால் இடையில் ஒரு சீட்டு தவறுவதும் உண்டு. கறிவேப்பிலை இந்த ஆட்டத்துக்கே வரவில்லை.

“குறை உன் முட்டையில்”

இதை நேராகவே சொல்கிறேன். மூன்றாவது 16 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஏறத்தாழ எப்போதும் முட்டையிலிருந்துதான். உங்கள் கணவர் அந்த அளவுக்குச் சரி. அதைக் குறை என்று சொன்னதுதான் தவறு.

முட்டைகள் மாதாமாதம் புதிதாகச் செய்யப்படுவதில்லை. நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோது உங்களிடம் அறுபது எழுபது லட்சம் முட்டை அணுக்கள் இருந்தன. பிறக்கும்போது பத்து இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அவை எல்லாமே பிறப்பதற்கு முன்பே குன்றல் பகுப்பைத் தொடங்கி, ஜோடி சேர்ந்த நிலையிலேயே பாதியில் நின்றுவிட்டவை. ஒவ்வொன்றும் தன் மாதம் வரும்வரை அப்படியே காத்திருக்கும். உங்களுடையது 39 ஆண்டு காத்திருந்தது.

தேக்காவில் பூக்கட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். நனைந்த வாழைநார் மல்லிகையை இறுக்கிப் பிடிக்கும், மறுநாள் நார் காய்ந்து தளர்ந்தால் பூ தானாகக் கழன்று விழும். குரோமோசோம்களைச் சேர்த்துக் கட்டும் நார் மாதிரி ஒரு புரதம் உண்டு, கோஹீசின் என்று பெயர். முட்டைக்குள் அது பிறப்புக்கு முன்பே கட்டப்படுகிறது, அதன் பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்றே தெரிகிறது. நார் தளர்ந்த முட்டை, மாதம் வந்து பகுப்பை முடிக்கப் போகும்போது, ஏதாவது ஒரு ஜோடி பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் ஒரே பக்கமாகப் போய்விடுகிறது. அங்கே 23க்குப் பதில் 24. விந்தின் 23 சேர்ந்ததும் 47. இதில் நீங்கள் செய்தது எதுவும் இல்லை, செய்யத் தவறியதும் எதுவும் இல்லை.

கணவருக்கும் ஒரு கணக்கு உண்டு என்று மெல்லச் சொல்லுங்கள். ஆண்களின் விந்தணு இரண்டரை மாதத்துக்குள் புதிதாக உருவாகிவிடுகிறது. அதற்காக மூல அணுக்கள் பருவ வயதிலிருந்து ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு படியெடுப்பிலும் எழுத்துப்பிழை விழ வாய்ப்பு உண்டு. அப்பாவின் வயது ஏற ஏறக் குழந்தைக்குப் போகும் புதிய பிழைகள் கூடுகின்றன, வருடத்துக்குச் சுமார் ஒன்றிரண்டு வீதம். பெரும்பாலும் அவை ஒன்றும் செய்வதில்லை. ஆனாலும் 42 வயது அணுவும் தன் வயதைச் சுமந்துதான் வருகிறது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இருவருமாகப் போங்கள். கோபத்தில் சொன்ன சொல்லை வேறொரு வாய் திருத்தினால் வீட்டுக்குள் சண்டையாகாது.

உறவில் கட்டியது காரணமா?

இந்தச் சிதைவுக்குக் காரணம் அல்ல. முட்டை பிரியும்போது நடந்த தவறுக்கும் உங்கள் இருவரின் தாத்தா பாட்டி ஒருவரே என்பதற்கும் தொடர்பில்லை. நீங்கள் முன்பின் தெரியாத ஒருவரை மணந்திருந்தாலும் அந்த முட்டை அதே முட்டைதான்.

ஆனால் உறவுத் திருமணத்தில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அது வேறு வகை ஆபத்து. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த, வெளியே தெரியாத ஒரு பழுதான மரபணு உங்கள் இருவரிடமும் இருக்கலாம். இரண்டும் ஒரே குழந்தையில் சேர்ந்தால் நோயாக வெளிப்படும். பிறவிக் குறைபாடு எந்தத் தம்பதிக்கும் நூறில் இரண்டு மூன்று என்றால், அத்தை மாமன் பிள்ளைகளுக்குள் கட்டியவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வரை போகலாம். தொண்ணூற்று நான்குக்கு மேல் நல்லபடியாகவே பிறக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பரம்பரையாக வரும் ரத்தசோகை நோயான தலசீமியாவுக்கான சோதனை. சிங்கப்பூரில் நூறில் மூன்று நான்கு பேர் அதைத் தெரியாமலே சுமக்கிறார்கள். பலதுறை மருந்தகத்தில் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தொடங்கலாம். இருவருக்கும் இருந்தால் குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு கடும் தலசீமியா வரக்கூடும். அப்படி அமைந்தாலும், சோதனைக்குழாயில் உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பே அந்த ஒரு மரபணுவைச் சோதிக்கும் வசதி இங்கே உண்டு. அத்தை பரிகாரம் செய்யச் சொன்னால் வாதாட வேண்டாம். அவர் உங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவர், அவருக்கும் இது பேரப்பிள்ளை இழப்புதான். கோயிலுக்குப் போய் வாருங்கள், சோதனைக்கு ரத்தமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கொழுந்தனாரின் வீடியோ

ஒரு செல் போதுமா? சில உயிர்களுக்குப் போதும். நம் ஊர்ச் சுவர்களில் திரியும் பல்லிகளிலேயே ஒரு வகையில் கிட்டத்தட்ட எல்லாமே பெண், ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுப் பெருகும். பாலூட்டிகளால் அது இயற்கையாக முடியாது. அப்பா வழி, அம்மா வழி என்று சில மரபணுக்களின் மேல் முத்திரை இருக்கிறது, இரண்டு முத்திரையும் இருந்தால்தான் கருவும் நஞ்சுக்கொடியும் ஒழுங்காக வளரும். 1984இல் எலிக் கருக்களில் இதை நிரூபித்தார்கள்.

குளோனிங் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. டாலி என்ற ஆட்டுக்குட்டி 1996இல் அப்படித்தான் பிறந்தது, 277 முயற்சிகளில் அது ஒன்றுதான் தேறியது. மனிதரில் அதைச் செய்வது சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எவராவது எங்கேயாவது செய்து தருவதாகச் சொன்னால் அது மோசடி. ஒரே முகமான இரட்டையர்கள் மட்டுமே மனிதரில் இயற்கை செய்யும் நகல். கொழுந்தனாரிடம் அதைச் சொல்லிவிட்டு வீடியோவை அழித்துவிடுங்கள்.

சென்னைத் திட்டம்

இதில்தான் எனக்குக் கவலை. வேறொருவரின் முட்டையை ஏற்பது தவறே இல்லை, வயது காரணமான குரோமோசோம் தவறுகளுக்கு அது உண்மையிலேயே பலன் தரும் வழி. கணவருக்குச் சொல்லாமல் என்பதுதான் சிக்கல். இந்தியாவில் 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எந்த மருத்துவமனையும் இதைச் செய்யக்கூடாது. முட்டையை விலைக்கு விற்பதும் அங்கே குற்றம், இங்கேயும் குற்றம். சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிறர் முட்டையில் உருவானாலும் சுமந்து பெற்றவரே தாய் என்கிறது. கணவர் தந்தையாவதற்கு அவருடைய சம்மதம் முக்கியம். மறைத்துச் செய்தால் பிற்பாடு குழந்தையின் சட்ட நிலையைத்தான் நீங்கள் ஆட்டங்காண வைப்பீர்கள். மரபணுச் சோதனை இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில் ரகசியமும் நிற்காது.

அதைவிட, இப்போதே அந்த வழிக்குப் போக வேண்டிய தேவையே உங்களுக்கு வந்துவிடவில்லை. ஐந்து மாதத்தில் இயற்கையாகக் கருத்தரித்தவர் நீங்கள். 40ஐ ஒட்டிய வயதில் கருத்தரிப்புகளில் மூன்றில் ஒன்று கலையலாம். அப்படியானால் மூன்றில் இரண்டு நிற்கிறது. ஒருமுறை மும்மைக் கோளாறு வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு, அந்த வயதுக்குரிய வாய்ப்பைவிடச் சற்றுத்தான் கூடுதல்.

இனி என்ன செய்யலாம்

ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், கட்டாயமில்லை. ஒரு மாதவிலக்கு வந்து, இருவருக்கும் மனம் ஒப்பினால் முயலலாம். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்குங்கள். தைராய்டையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் ஆகாவிட்டால் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. உங்கள் விஷயத்தில் அதுவரை பொறுக்காமல் இப்போதே ஒரு சந்திப்புக்குப் பதிவு செய்யச் சொல்வேன், காரணம் பணம். அரசாங்க மருத்துவமனைகளில் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்குக் கிடைக்கும் உதவி, குடிமகன் நிரந்தரவாசித் தம்பதிக்கு 55 விழுக்காடு வரை. சிகிச்சை தொடங்கும்போது மனைவிக்கு 40 நிறைந்திருக்கக் கூடாது. 40க்கு முன்பே கருத்தரிப்புச் சிகிச்சை ஏதாவது எடுத்திருந்தால், உதவி பெறும் சுற்றுகளில் இரண்டை 40க்குப் பிறகும் பயன்படுத்தலாம். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து முதல் சுற்றுக்கு 6,000 வெள்ளி வரை எடுக்கலாம். உங்கள் எட்டு மாதம் இந்த வகையில் விலைமதிப்பு உள்ளது.

அதற்காக உதவித்தொகை போய்விடுமே என்று அவசரப்பட்டு அந்தச் சிகிச்சையில் இறங்க வேண்டாம். 1983இல், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னத்தின் குழு இங்கே முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்த நாளிலிருந்து, இந்தச் சிகிச்சை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற எண்ணம் நம் மக்களிடம் ஊறியிருக்கிறது. அது முட்டையையும் விந்தையும் சந்திக்க வைக்கும். தளர்ந்த நாரை இறுக்கிக் கட்டாது. உங்களுக்குச் சந்திப்பில் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: “எனக்கு இந்தச் சிகிச்சை இயற்கை முயற்சியைவிட எவ்வளவு கூடுதலாக உதவும்?” நழுவலான பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள்.

அடுத்த கரு பத்து வாரத்தைத் தொட்டதும் உங்கள் ரத்தத்திலேயே கருவின் குரோமோசோம் கணக்கை ஊகிக்கும் சோதனை செய்யலாம். 40 வயதில் டவுன் குறைபாட்டுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நூறில் ஒன்று என்பதால் அது பயனுள்ளது. ஆனால் அது சல்லடை மட்டுமே, தீர்ப்பு அல்ல. சந்தேகம் என்று வந்தால் பனிக்குட நீரைச் சோதித்து உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முடிவு எதுவாக இருந்தாலும் எடுக்கும் உரிமை உங்களுடையது. கருக்கலைப்பை 24 வாரம் வரை சட்டம் அனுமதிக்கிறது, தொடர்ந்து பெற்றெடுக்க விரும்பினால் அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை, அத்தை உட்பட.

அப்புறம், அந்த மூன்று கன்றுகள். என் வீட்டுத் தொட்டியிலும் ஒரு கறிவேப்பிலை இருப்பதால் சொல்கிறேன். மூன்றையும் அதே தொட்டியில் விட்டால் தாய்ச்செடி வாடும். ஒரு சாண் உயரம் வந்ததும், தாய்வேரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்படி வெட்டி எடுங்கள். வெறும் தண்டாகப் பிடுங்கினால் பிடிக்காது. முதல் இரண்டு வாரம் நிழலில் வையுங்கள்.